90 கிலோ மூடியை ஒரு கையால் தூக்க: ஆஃப்-ரோடு ட்ரெய்லருக்கு கேஸ் ஸ்ட்ரட் கணக்கு

மண் ரோட்டுப் பயணங்களுக்கு வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போக, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வீட்டுக் கராஜில் நான் கட்டிய ட்ரெய்லரின் பெட்டி 1800 மி.மீ. நீளம், 1200 மி.மீ. அகலம். அதன் மேல் ஒரு மூடி, மூடியின் மேல் மடித்து வைக்கிற ரூஃப்டாப் டென்ட். மூடிச் சட்டம், தகடு, ரேக் எல்லாம் சேர்ந்து 35 கிலோ, டென்ட் 55 கிலோ, ஆக மொத்தம் 90. இதை யாரும் தூக்கிப் பிடித்துக்கொண்டே உள்ளேயிருந்து அரிசிப் பையை எடுக்க முடியாது, அதனால் கேஸ் ஸ்ட்ரட் வேண்டும். கார் டிக்கி திறக்கும்போது இரண்டு பக்கமும் நீளுமே, அதே குழாய்தான். ஆனால் கார் கம்பெனி அதற்குப் பின்னால் ஒரு கணக்குப் போட்டிருக்கும். நாம் பெரும்பாலும் போடுவதில்லை. கடைக்குப் போய் எடையைச் சொல்கிறோம், அவர்கள் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறார்கள்.

நானும் முதலில் அப்படித்தான் 500 நியூட்டன் ஸ்ட்ரட் இரண்டு வாங்கி மாட்டினேன். கராஜில் அருமையாக நின்றது. குளிர்காலத்தில் ஃபிளிண்டர்ஸ் மலைப் பக்கம் போனோம். இரண்டாம் நாள் விடியற்காலை, வெப்பநிலை மூன்று டிகிரி இருக்கும், மனைவி குனிந்து அடுப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது மூடி மெல்ல இறங்க ஆரம்பித்தது. தடாலென்று விழவில்லை, அதுதான் நல்ல காலம். இறங்க இறங்க வேகம் பிடித்தது, நான் ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன். அன்றைக்கு ஸ்ட்ரட்டில் பழுது எதுவும் இல்லை. மூடி ஏன் இறங்கியது என்பதை ஊருக்குத் திரும்பிக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன், உங்கள் மூடியின் கீழ் இன்னொருவர் தலை இருக்கப் போகிறது என்பதால்.

எந்தப் பக்கம் திறக்க வேண்டும்

ஸ்ட்ரட்டுக்குப் போகும் முன் கீல் எங்கே என்று முடிவு செய்துவிடுங்கள், அப்புறம் மாற்ற முடியாது. ஆஸ்திரேலியாவில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன, ரோட்டோரம் நிறுத்தினால் வலப்பக்கம்தான் மற்ற வண்டிகள் போகும். அதனால் கீல் வலப்பக்கம், திறக்கிற வாய் இடப்பக்கம். பஞ்சரான நேரத்தில் பொருள் எடுக்க ரோட்டுப் பக்கம் நிற்க வேண்டிய அவசியம் வராது. சமையல் மேடையும் பொதுவாக இடப்பக்கமே வரும்.

இன்னொன்று, டென்ட்டை விரித்துவிட்டால் மூடியைத் திறக்க முடியாது. ராத்திரி தேவைப்படுகிற டார்ச், தண்ணீர், முதலுதவிப் பெட்டி, குழந்தையின் துணி எல்லாம் மூடிக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். பெட்டியின் பக்கச் சுவரில் ஒரு சிறு கதவு வைத்தே தீர வேண்டும். நிறையப் பேர் இதை முதல் பயணத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

சாலை ஓரத்தில் இடப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்ததில் ஒரு சங்கடமும் உண்டு: ரோட்டோரம் பெரும்பாலும் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும், அதாவது மூடியின் வாய்ப்பக்கம் தாழ்ந்திருக்கும். இது ஸ்ட்ரட் கணக்கில் நேரடியாக அடிக்கும், கீழே வருகிறேன்.

விளிம்பை எடை போடுங்கள்

மூடியின் மொத்த எடை தெரிந்து பெரிய பயன் இல்லை. ஸ்ட்ரட் எதிர்த்து நிற்பது எடையை அல்லவே, எடை கீலைச் சுற்றித் திருப்பப் பார்க்கிற திறனை. பள்ளிக்கூடத்தில் திருப்புத்திறன் என்று படித்திருப்போம், விசை பெருக்கல் தூரம். கிணற்றில் ஏற்றம் இறைக்கும்போது துலாவின் பின் நுனியில் கல் கட்டுவார்கள், அதே கல்லை நடுவுக்குப் பக்கத்தில் கட்டினால் ஒரு பிரயோஜனமும் இருக்காது. அவ்வளவுதான் விஷயம்.

இதை அளக்கக் குளியலறை எடை மெஷின் போதும். கீலை மாட்டி, டென்ட் உட்பட எல்லாவற்றையும் மூடி மேல் ஏற்றி (படுக்கை, தலையணை உள்ளேயே வைத்து மடிப்பீர்கள் என்றால் அதையும் வைத்து), திறக்கிற விளிம்பின் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, அந்தக் கட்டையை மெஷின் மேல் நிறுத்துங்கள். மூடி கிடைமட்டமாக இருக்க வேண்டும். என் மூடி 45 கிலோ காட்டியது. கிலோவை 9.8 ஆல் பெருக்கினால் நியூட்டன், அதைக் கீலிலிருந்து விளிம்பு வரையுள்ள 1.2 மீட்டரால் பெருக்கினால் ஏறத்தாழ 530 நியூட்டன் மீட்டர். மூடிய நிலையில் ஸ்ட்ரட் சமாளிக்க வேண்டியது இதுதான்.

அடுத்து, மூடியை நீங்கள் நிறுத்தப்போகிற கோணத்துக்குத் தூக்கி அதே மாதிரி அளக்க வேண்டும். எனக்கு 60 டிகிரி. இதற்கு இரண்டு பேர் தேவை, ஒருவர் மூடியைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டை செங்குத்தாக நிற்கட்டும். மெஷின் 25.5 கிலோ காட்டியது. ஆனால் இப்போது தூரம் 1.2 மீட்டர் அல்ல, விளிம்புக்கும் கீலுக்கும் உள்ள கிடைமட்டத் தூரம், அது 0.6 மீட்டராகக் குறைந்துவிட்டது. 25.5 பெருக்கல் 9.8 பெருக்கல் 0.6, ஆக 150 நியூட்டன் மீட்டர்.

530 எங்கே, 150 எங்கே! வெறும் தட்டையான மூடியாக இருந்தால் 60 டிகிரியில் சரிபாதிதான் ஆகியிருக்கும். டென்ட் மேலே உட்கார்ந்திருப்பதால் ஈர்ப்பு மையம் கீலைவிட 150 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, மூடி நிமிர நிமிர அது கீல் பக்கமாகச் சாய்ந்து பாரத்தைக் குறைக்கிறது. இதே வேகத்தில் போனால் 76 டிகிரியில் பாரம் பூஜ்யம், அதற்கு மேல் மூடி அந்தப் பக்கம் கவிழப் பார்க்கும். அதனால்தான் 60-இல் நிறுத்தினேன். டென்ட் சுமக்கிற மூடியை 70 டிகிரிக்கு மேல் திறக்க விடாதீர்கள், ஒரு பலத்த காற்று போதும்.

கீழ்ப் பிராக்கெட் எங்கே என்பதில்தான் எல்லாம்

ஸ்ட்ரட்டின் ஒரு முனை மூடியில், இன்னொரு முனை பெட்டிச் சுவரில். ஸ்ட்ரட் தள்ளுகிற கோட்டுக்கும் கீலுக்கும் உள்ள செங்குத்துத் தூரம்தான் (கீலிலிருந்து அந்தக் கோட்டுக்கு 90 டிகிரியில் அளப்பது) அதன் நெம்புகோல். மூடி எழ எழ இந்தத் தூரம் மாறிக்கொண்டே இருக்கும்.

கணினியில் வரையத் தெரிந்தால் வரையுங்கள். நான் கராஜில் கிடந்த ஒரு எம்.டி.எஃப். பலகையில் முழு அளவிலேயே செய்தேன். ஓர் ஆணி கீல். 1200 மி.மீ. மரச்சட்டம் ஒன்றை அந்த ஆணியில் கோத்தால் அது மூடி. மூடியில் மேல் முனைக்கு ஒரு ஆணி, கீழ்ப் பிராக்கெட் வரப்போகிற இடத்தில் இன்னொரு ஆணி, இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் பேண்ட். சட்டத்தை எழுப்பிக்கொண்டே ரப்பர் பேண்டின் நீளத்தை அளப்பேன், அப்புறம் மூலைமட்டம் வைத்துக் கீல் ஆணியிலிருந்து ரப்பர் பேண்டுக்குச் செங்குத்துத் தூரம். ஆணியைப் பிடுங்கி வேறு இடத்தில் அடி, திரும்ப அள. ஒரு சாயங்காலம் முழுக்க இதையே செய்தேன், ஸ்ட்ரட்டைப் பற்றி நான் கற்றதில் பாதி அந்தப் பலகையில் கற்றதுதான்.

கடைசியில் மேல் முனை கீலிலிருந்து 500 மி.மீ. தள்ளி வந்தது. கீழ் முனை கீலுக்கு 260 மி.மீ. கீழே, உட்பக்கமாக 120 மி.மீ. தள்ளி. மூடிய நிலையில் இரண்டு முனைக்கும் நடுவே 460 மி.மீ., செங்குத்துத் தூரம் 282. 60 டிகிரியில் நீளம் 705, செங்குத்துத் தூரம் 166.

அந்த 120-ஐக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள், என்ன ஆகிறது என்று. கீல் பக்கமாக 60-க்குக் கொண்டுபோனால் திறந்த நிலையின் தூரம் 166-இலிருந்து 127 ஆகச் சுருங்கிவிடுகிறது. வெறும் 150 நியூட்டன் மீட்டரைத் தாங்கவே ஒவ்வொரு ஸ்ட்ரட்டும் 590 நியூட்டன் தள்ள வேண்டும். சரி, எதிர்ப்பக்கம் 200-க்குத் தள்ளலாம் என்றால் தூரம் 218 ஆக நன்றாகவே கூடுகிறது, ஆனால் ஸ்ட்ரட் கிட்டத்தட்ட 300 மி.மீ. நீள வேண்டும், முழு நீளமோ 695. ஒரு ஸ்ட்ரட்டின் முழு நீளம் ஸ்ட்ரோக்கைப் (தண்டு குழாய்க்குள் போய் வருகிற தூரம்) போல இரண்டு மடங்குக்கு மேல் சுமார் 100 மி.மீ. இருந்தால்தான் அது மடங்க முடியும், தண்டு போய் ஒளிவதற்குக் குழாய் வேண்டுமே. அப்படிப் பார்த்தால் இது விளிம்பில் நிற்கிறது, மூடியை அழுத்தி மூடும்போது தண்டு உள்ளே முட்டிக்கொள்ளும், பிராக்கெட் வளையும். அதனால் 120. நான் வாங்கியது முழு நீளம் 705, ஸ்ட்ரோக் 300. பயன்படுவது 245 மட்டுமே, மிச்சம் பத்திரத்துக்கு.

எத்தனை நியூட்டன்

குழாயின் மேல் அச்சடித்திருக்கும் எண், உதாரணமாக 600N, முழுக்க நீண்டிருக்கும்போது அது தள்ளுகிற விசை. மடங்க மடங்க உள்ளே நைட்ரஜன் நெருக்கப்பட்டு விசை ஏறும். 10 மி.மீ. தண்டு, 22 மி.மீ. குழாய் கொண்ட வகைக்கு மூடிய நிலையில் சுமார் 30 சதவீதம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். விற்பவர்களிடம் அந்த வகையின் சரியான விகிதத்தைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இனிக் கணக்கு சுலபம். முதலில் என் பழைய 500. திறந்த நிலையில் 500 பெருக்கல் 0.166, இரண்டு ஸ்ட்ரட், ஆக 166. தேவை 150. நின்றது, சரி. மூன்று டிகிரிக் குளிரில் என்ன? ஸ்ட்ரட்டின் விசையை 20 டிகிரி வெப்பநிலையில்தான் குறிப்பிடுகிறார்கள். வாயு குளிரக் குளிர ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.34 சதவீதம் விசை இறங்கும். 17 டிகிரி குறைந்தால் 6 சதவீதம், 166 இப்போது 156. இன்னும் நிற்கிறது அல்லவா? அன்றைக்கு ட்ரெய்லர் வாய்ப்பக்கம் இரண்டு டிகிரி சாய்ந்திருந்தது. 1.2 மீட்டர் அகலத்துக்கு நான்கு சென்டிமீட்டர் தாழ்வு, கண்ணுக்கே தெரியாது. மூடி பூமிக்கு 60 அல்ல, 58 டிகிரியில் இருக்கிறது, தேவை 150-இலிருந்து 168 ஆகிவிட்டது. இருப்பு 156, தேவை 168. இறங்காமல் என்ன செய்யும்.

அடுத்து 600. மூடிய நிலையில் 600 என்பது 780 ஆகும், 0.282 தூரம், இரண்டு ஸ்ட்ரட், 440 நியூட்டன் மீட்டர். தேவையான 530-க்கு 90 குறைவு. அந்த 90-ஐ விளிம்பில் உங்கள் கை கொடுக்க வேண்டும், ஏழரைக் கிலோ. திறந்த நிலையில் 199, தேவை 150. நல்ல கையிருப்பு என்றுதான் தோன்றும். ஆனால் ஐந்து டிகிரிச் சாய்வில் தேவை 195-க்குப் போய்விடுகிறது, பூஜ்ய டிகிரிக் குளிரில் 199 என்பது 186 ஆக இறங்குகிறது. குளிரும் சாய்வும் ஒரே காலையில் வரலாம், எனக்கு வந்தது.

650-இல் நிறுத்தினேன். திறந்த நிலையில் 216, பூஜ்ய டிகிரியில் 201. ஐந்து டிகிரிச் சாய்வின் 195-ஐயும் தாங்கும். மூடிய நிலையில் 477, அதாவது கையால் நாலரைக் கிலோ தூக்கினால் போதும், 45 டிகிரி தாண்டியதும் தானே எழுந்துவிடும். மூடுவதற்கு ஐந்தரைக் கிலோ இழுப்பு. 45 டிகிரி வெயிலில் வாயு சூடேறி 477 என்பது 517 ஆகும், 530-க்குக் கீழேதான், லாக்கைத் திறந்ததும் மூடி முகத்தில் அடிக்காது. இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் குளிரைவிட வெயில்தான் அதிகம், பெரிய ஸ்ட்ரட்டாகப் போட்டுவிட்டால் கவலை இல்லை என்று 800, 900 போட்டவர்கள் மூடியைச் சாத்த அதன் மேல் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மூடிக்கு எண்கள் வேறாக இருக்கும். ஆனால் சோதிக்க வேண்டியது இதே நான்கு நிலைமைதான்: மூடியிருக்கும்போது கடும் வெயில், மூடியிருக்கும்போது சாதாரண நாள், திறந்திருக்கும்போது சமதளம், திறந்திருக்கும்போது குளிரும் சாய்வும் சேர்ந்து. கை கொடுக்க வேண்டியது நாலு முதல் எட்டுக் கிலோவுக்குள் வந்தால் நல்ல வடிவமைப்பு. கையே வேண்டாம், பட்டனைத் தட்டினால் தானே எழ வேண்டும் என்று ஆசைப்பட்டால் வெயிலில் மாட்டிக்கொள்வீர்கள்.

டென்ட்டைக் கழற்றிவிட்டுக் கட்டடச் சாமான் ஏற்றுகிற பழக்கம் உண்டா? அப்படியானால் மூடி 35 கிலோதான், அதன் பாரம் 206 நியூட்டன் மீட்டர், ஸ்ட்ரட் தள்ளுவது 477. லாக்கைத் திறந்த நொடியில் விளிம்பு 23 கிலோ விசையோடு மேலே பாயும், தாடை போய்விடும். ஒரு ஸ்ட்ரட்டைக் கழற்றிவிடலாம் என்று தோன்றும், கணக்கும் ஓரளவு ஒத்துவரும், ஆனால் ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், நாளடைவில் மூடி மூலை உட்காராது. டென்ட் இல்லாத காலத்துக்கு, இதே கணக்கைப் போட்டு விசை குறைந்த இன்னொரு ஜோடி வாங்கி வையுங்கள். வால்வு வைத்த ஸ்ட்ரட்டும் கிடைக்கிறது, கொஞ்சம் கூடுதல் விசையில் வாங்கி, வாயுவைத் துளித்துளியாக வெளியேற்றிச் சரிசெய்யலாம். முதல் ட்ரெய்லர் கட்டுபவருக்கு அது நல்ல வழி, ஆனால் வெளியேற்றியதைத் திரும்ப அடைக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் மாட்டிப் பார்த்து அப்புறம் அடுத்த துளி.

கீலும் பிராக்கெட்டும்

ஸ்ட்ரட் மூடியைத் தூக்குகிறது, அதனால் கீலுக்குப் பாரம் குறைவு என்று நினைப்போம். அப்படி இல்லை. மூடிய நிலையில் ஒவ்வொரு ஸ்ட்ரட்டும் 845 நியூட்டன் தள்ளுகிறது, படுத்த வாக்கில் தள்ளுவதால் அதில் பெரும்பகுதி மேலே அல்ல, பக்கவாட்டில் போகிறது. இரண்டும் சேர்ந்து மூடியைக் கீலை விட்டுப் பிடுங்குகிற விசை ஏறத்தாழ 1400 நியூட்டன், அதாவது 140 கிலோ. இரவும் பகலும், வண்டி நின்றாலும் ஓடினாலும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். கதவுக் கடையில் வாங்கிய மெல்லிய கீல் சில மாதங்களில் வாய் பிளந்துவிடும். தடித்த ஸ்டெயின்லெஸ் பியானோ கீலை முழு நீளத்துக்கும் போடுங்கள், அல்லது கிரீஸ் நிப்பிள் வைத்த வெல்டிங் கீல் மூன்று. மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர ஒரு நீளக் கம்பியைக் கோத்துக்கொண்டு வெல்டிங் வைத்தால் தப்பாது.

கீழ்ப் பிராக்கெட் இன்னும் முக்கியம். மர்ரீயிலிருந்து மார்லா வரை 620 கிலோமீட்டர் போகிற ஊட்னடாட்டா மண் ரோட்டில் அதைக் கற்றுக்கொண்டேன். வரி வரியாக அலை எழும்பிய ரோடு, மணிக்கணக்காக ட்ரெய்லர் நடுங்கிக்கொண்டே வரும். கவர்ட் ஸ்பிரிங்ஸில் இரவு தங்க நிறுத்தி மூடியைத் திறந்தபோது ஒரு பக்கம் மட்டும் டக் என்று சத்தம். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பிராக்கெட் சேதமில்லாமல் இருக்கிறது, அதை வெல்டிங் வைத்திருந்த 2 மி.மீ. சுவர்த் தகடுதான் வெல்டிங் முடிகிற முனையிலிருந்து மயிரிழை போல வெடித்து, வெடிப்பின் இரண்டு பக்கமும் செம்மண் தூள் கோடாகப் படிந்திருந்தது. விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும், வெல்டிங் நிற்கிற முனையில். இப்போது என் பிராக்கெட் 5 மி.மீ. தட்டு, தகட்டில் அல்ல, சுவருக்குள் நிற்கிற செங்குத்துக் குழாயில் ஏறியிருக்கிறது. பாரம் தகட்டைத் தொடவே தொடாது.

முனைகளில் பிளாஸ்டிக் கிண்ணம் வைத்த பால் ஜாயின்ட் (கிண்ணத்துக்குள் உருண்டை திரும்புகிற மூட்டு) வேண்டாம், மண் ரோட்டில் கழன்று விழும். உலோகக் கிண்ணமும் பூட்டுக் கிளிப்பும் வைத்தது சரி. துளை வைத்த முனையைப் பிராக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு நடுவே இரும்பு முள்ளால் (பின்) கோத்தால் அதைவிட நல்லது, ஆனால் அப்போது மேல் பிராக்கெட்டும் கீழ் பிராக்கெட்டும் துல்லியமாக ஒரே தளத்தில் இருக்க வேண்டும், இரண்டு மூன்று மி.மீ. விலகினாலும் தண்டு பக்கவாட்டில் உரசும்.

தண்டு கீழே, குழாய் மேலே. இதைத் தலைகீழாக மாட்டினால் எவ்வளவு நல்ல ஸ்ட்ரட்டும் சீக்கிரம் போய்விடும். குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது, தண்டு கீழ்நோக்கி இருந்தால்தான் அந்த எண்ணெய், வாயுவை அடைத்து வைத்திருக்கிற சீல் பக்கம் இறங்கி அதை ஈரமாக வைத்திருக்கும், மூடி திறக்கிற கடைசித் தருணத்தில் அதிராமல் மெத்தென நிற்பதும் அந்த எண்ணெயால்தான். வெல்டிங் பொறி தண்டில் விழக்கூடாது, பெயின்ட் படக்கூடாது, பிளையரால் பிடிக்கவே கூடாது. ஒரு சின்னக் கீறல் போதும், சீல் கிழிந்துவிடும். எல்லா வெல்டிங்கும் பெயின்ட்டும் முடிந்த பிறகே ஸ்ட்ரட்டை மாட்டுங்கள். பழசை எக்காரணத்துக்கும் வெட்டவோ சூடுபடுத்தவோ வேண்டாம், உள்ளே நைட்ரஜன் பேரழுத்தத்தில் இருக்கிறது.

முட்டுக் கம்பி, பீடிங், லாக்

எவ்வளவு கணக்குப் போட்டாலும் ஸ்ட்ரட் ஒருநாள் வாயு இழக்கும். அதனால் ஒரு முட்டுக் கம்பி இல்லாமல் யாரையும் மூடிக்குக் கீழே போக விடாதீர்கள். 25 மி.மீ. சதுரக் குழாய் ஒன்று, மேல் முனை மூடியில் சுழலும், கீழ் முனை பெட்டி ஓரத்தில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து முள்ளால் பூட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்தவர் கையெட்டுகிற இடத்தில், உள்ளே குனியாமலே மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் யாரும் மாட்ட மாட்டார்கள். எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம், முள் ஏறிய சத்தம் கேட்ட பிறகுதான் கை உள்ளே போகலாம்.

அதேபோல மூடியின் கடைசி நிறுத்தத்தை ஸ்ட்ரட்டிடம் விடாதீர்கள். காற்று அடித்து மூடியை மேலே இழுத்தால் அந்த அடி முழுவதும் தண்டின் முனைக்குப் போகும். இரண்டு பக்கமும் ஒரு நைலான் பட்டை, ஸ்ட்ரட் முழுக்க நீள்வதற்கு ஐந்து மி.மீ. முன்பே இறுகுகிற அளவில்.

தூசிக்கு, பெட்டி வாயைச் சுற்றி உள்ளே குழல் போல் இருக்கும் ரப்பர் பீடிங். மூடி அதை மூன்றில் ஒரு பங்கு நசுக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் ரோட்டின் மாவு போன்ற செம்மண் எல்லாம் அரிசிக்குள் போய்விடும். நசுக்குகிற வேலை லாக்கினுடையது, ஆகவே இழுத்து இறுக்குகிற கம்ப்ரஷன் லாக் விளிம்பில் இரண்டு, மூலைகளிலிருந்து 250 மி.மீ. உள்ளே தள்ளி. கீல் பக்கத்தில் பீடிங் கசங்கிச் சுருளாமல் இருக்கக் கீலைப் பெட்டி வாயைவிடப் பீடிங் உயரத்துக்கு ஏற்றி வையுங்கள், இல்லாவிட்டால் கீல் பக்கம் கல்லாக அழுந்தி, எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரியும். பீடிங்கின் மேல் ஒரு தாளை வைத்து, மூடியைச் சாத்தி, தாளை இழுத்துப் பாருங்கள், சுற்றிலும் ஒரே இறுக்கத்தில் வர வேண்டும்.

மின்சார ஆக்சுவேட்டர் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 12 வோல்ட்டில் ஓடுகிற திருகு வகை, தள்ளவும் செய்யும் இழுக்கவும் செய்யும், நின்ற இடத்தில் நிற்கும், குளிர் சாய்வு எதுவும் அதைப் பாதிக்காது. 150 கிலோவுக்கு மேல் போகிற மூடிக்கு அதுவே சரி. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், இல்லையென்றால் மூடியை முறுக்கும், பேட்டரி செத்தால் சாப்பாடு உள்ளே பூட்டிக்கொள்ளும். போடுவதானால் சட்டென்று உருவக்கூடிய முள்ளில் மாட்டுங்கள், பாதிப் பாரத்தைச் சுமக்கக் கூடவே ஸ்ட்ரட்டும் போடுங்கள், அப்போது கையாலும் திறக்க முடியும்.

மாட்டி முடித்தபின் ட்ரெய்லரை வேண்டுமென்றே சாய்த்து நிறுத்துங்கள். வலப்பக்கச் சக்கரத்தின் கீழே பலகைகளை அடுக்கினால் ஐந்து டிகிரி வந்துவிடும். மூடியைத் திறந்து, முட்டுக் கம்பி இல்லாமல், கீழே யாரும் இல்லாமல், விடியற்காலைக் குளிரில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். நிற்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு வருடமும் பயணத்துக்கு முன் எடை மெஷினை எடுத்து விளிம்பைத் தூக்க எத்தனை கிலோ ஆகிறது என்று பார்த்து மூடியின் உட்பக்கத்தில் மார்க்கரால் தேதியோடு எழுதி வையுங்கள். என் மூடியில் முதல் வரி 4.5. அது 7-ஐத் தாண்டினால் அந்த வாரமே புது ஜோடி வாங்குவேன், ஒன்றை மட்டும் அல்ல, இரண்டையும் சேர்த்து.